கட்டுமரம் கூட வரட்டும்

எங்கள் கோலியனூரை உங்களுக்குத் தெரியுமோ என்னவோ! விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் பழைய சாலை வழியாகப் பஸ்ஸில் போயிருந்தால் கட்டாயம் அதைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள். ஆனால் பார்த்திருக்க மாட்டீர்கள். வாலீசுவரர் கோயிலையும் புத்துவாயம்மன் கோயிலையும் நம்பி வருகிறவர்களைத் தவிர மற்றவர்களுக்கு எங்கள் ஊர் ஒரு கூட்டுரோடு, அவ்வளவுதான். அங்கே சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை தெற்கே பண்ணுருட்டி வழியாகக் கும்பகோணத்துக்குப் போகிறது. மற்றொரு கிளை கிழக்கே வளவனூர், மதகடிப்பட்டு, வில்லியனூர் என்று ஓடிக் கடைசியில் கடலில் முட்டிக்கொண்டு நிற்கிறது.

கடல் எங்களுக்கு முப்பது கிலோமீட்டர் தூரம். பக்கத்தில் இருப்பவனுக்குக் கடலிடம் பயம் உண்டு. வெகு தூரத்தில் இருப்பவனுக்கு அதன் நினைப்பே இராது. எங்களைப் போல் முப்பது கிலோமீட்டரில் இருப்பவர்கள் பாடுதான் சங்கடமானது. காலையில் ஆசைப்பட்டால் பத்து மணிக்குள் அலையில் நிற்கலாம்; ஆனால் அலையைப் பற்றி ஓர் எழுத்துக்கூடத் தெரியாது.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டுரோட்டு டீக்கடைப் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தேன். மூன்று மோட்டார் சைக்கிள்களில் ஐந்து பையன்கள் வந்து இறங்கினார்கள். எல்லோரும் எங்கள் தெருப் பிள்ளைகள்தான்.

"எங்கேடா பிரயாணம்?" என்று கேட்டேன்.

"பாண்டிக்குத் தாத்தா. கடல்ல குளிக்கப் போறோம்."

"ஜாக்கிரதையாகக் குளிக்க வேண்டும் அப்பா!"

அவர்களில் மூத்தவன் சிரித்தான். "நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க. எங்க அஞ்சு பேருக்குமே நல்லா நீச்சல் தெரியும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த வார்த்தைகளை ஒன்றுகூட மாற்றாமல் 1961-ஆம் வருஷத்தில் நானே என் மாமாவிடம் சொல்லியிருக்கிறேன்.

* * *

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. எங்கள் பக்கத்துப் பையன்கள் எல்லோரையும் போல நானும் கவலைக் கிணற்றில்தான் நீச்சல் கற்றேன். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி ஒருவர் தள்ளிவிடுவார். மற்றொருவர் கீழே மிதந்துகொண்டு காத்திருப்பார். பத்தாவது நாள் குடுக்கை போய்விடும். இரண்டாவது மாதம் துணிக்கல்லின் மேலிருந்து தலைகீழாகப் பாய்ந்து அடிமண்ணை அள்ளிக்கொண்டு வந்து காட்டலாம். கிணற்று அடிமண்ணை அள்ளிவிட்டவனுக்கு இந்த உலகத்தில் வேறு எந்தத் தண்ணீர்தான் பெரிது?

அந்த வருஷம் மாசி மகத்துக்கு மாமா என்னையும் தம் மகனையும் புதுச்சேரிக்கு அழைத்துப் போனார். மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையைப் பார்க்க வேண்டும்! மயிலத்திலிருந்து முருகன் வருவார். தீவனூரிலிருந்து பிள்ளையார் வருவார். திண்டிவனம் பக்கத்துப் பெருமாள் வருவார். உள்நாட்டுத் தெய்வங்கள் எல்லாம் வருஷத்துக்கு ஒரு நாள் கடலைப் பார்க்க வருகிற திருநாள் அது. தெய்வங்களுக்குத் தீர்த்தவாரி ஆனதும் ஜனங்கள் இறங்குவார்கள்.

நானும் இறங்கினேன். எங்கும் அலைகள் ஆள் உயரத்துக்கு எழுந்து விழுந்துகொண்டிருந்தன. ஓர் இடத்தில் மாத்திரம் அலை இல்லை. இரு பக்கமும் நுரை பொங்க, நடுவில் ஒரு சந்து போல அந்த இடம் சற்றுக் கறுத்து அமைதியாகத் தெரிந்தது. புத்திசாலி என்று எனக்கு நினைப்பு. 'எல்லோரும் அலையிலே அடிபடுகிறார்களே, இந்த அமைதியான இடம் அவர்கள் கண்ணில் படவில்லையா?' என்று எண்ணிக்கொண்டு அங்கே போனேன்.

இடுப்பளவு தண்ணீர் மார்பளவு ஆயிற்று. காலுக்கடியில் மணல் கரைந்தது. அப்புறம் மணலே இல்லை. கரையைப் பார்த்து நீந்தினேன். பத்துக் கை போட்டுவிட்டுத் தலையைத் தூக்கினால் கரை முன்னைவிடத் தள்ளிப் போயிருந்தது. இருபது கை போட்டேன். இன்னும் தள்ளிப் போயிற்று. மாமாவின் வெள்ளைத் துண்டு கொக்குப் போலச் சிறுத்துவிட்டது. கை சோர்ந்தது. உப்புத் தண்ணீர் மூக்கிலும் வாயிலும் புகுந்தது. அம்மாவை நினைத்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில், புதுச் சட்டையைக் கரையில் வைத்தேனே, யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்றுதான் நினைத்தேன்.

திடீரென்று தோளில் ஏதோ இடித்தது. ஒரு கட்டை. அதைத் தொடர்ந்து ஒரு கை என் தலைமயிரைக் கொத்தாகப் பற்றித் தூக்கியது. கட்டுமரத்தின் மேல் குப்புறப் போடப்பட்டேன். அந்த மனிதர் நேரே கரைக்கு வரவில்லை. கரைக்கு இணையாக வடக்கே கொஞ்ச தூரம் துடுப்பு வலித்துவிட்டு, அலை உடைகிற இடமாகப் பார்த்துத் திரும்பினார். அலையே எங்களைத் தூக்கிக் கரையில் வைத்தது.

மாமா முதலில் என்னைக் கட்டிக்கொண்டார். பிறகு ஓங்கி ஓர் அறை விட்டார். மடியிலிருந்து ஐந்து ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. அவர் மறுக்காமல் வாங்கித் தலைப்பாகையில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, கெணத்துத் தண்ணி நிக்கிற தண்ணி. இது நடக்கிற தண்ணி. நடந்து போறவன்கூட மல்லுக்கட்டி நிக்க முடியுமா? அவன்கூடவே நாலு அடி போயி, அப்புறமா ஒதுங்கிக்கணும்."

மாமாவுக்கு ஆச்சரியம் அடங்கவில்லை. "நீங்கள் எப்படி ஐயா அந்தச் சமயத்தில் அங்கே வந்தீர்கள்?" என்று கேட்டார்.

"வரலீங்க, அங்கேயேதான் இருந்தேன். மகத்தன்னிக்கு ஊர் ஜனம் தண்ணியில எறங்குமில்ல? ரெண்டு மரமாவது வெளியில கெடக்கணும். எங்க அப்பன் காலத்திலேருந்து அப்படித்தான்."

அப்போது அந்தப் பதில் எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. அதற்குள் எத்தனை பெரிய சரித்திரம் அடங்கியிருந்தது என்பது பல வருஷங்கள் கழித்து, ஒரு நாவலுக்காகச் சென்னையின் பழங்கதைகளைப் புரட்டியபோதுதான் தெரிந்தது.

* * *

தமிழர்களுக்குக் கடலாடுவது புதிதன்று. காவிரி கடலில் கலக்கும் இடத்தில் ஜனங்கள் முதலில் கடலில் நீராடிவிட்டுப் பிறகு ஆற்றில் முழுகியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. கோவலனையும் மாதவியையும் கடற்கரைக்கு அழைத்துப் போகிற பகுதிக்குச் சிலப்பதிகாரத்தில் 'கடலாடு காதை' என்றே பெயர். எங்கள் திண்டிவனத்துப் பக்கத்தை ஆண்ட ஓய்மான் நாட்டு நல்லியக்கோடனுக்கு எயிற்பட்டினம் என்று ஒரு கடற்கரை ஊர் இருந்ததைச் சிறுபாணாற்றுப்படையில் காணலாம். இன்றைய மரக்காணந்தான் அது என்று கருதுகிற அறிஞர்கள் உண்டு.

ஆனால் கடலாடுவது வேறு, கடலில் நீந்துவது வேறு. முன்னோர்கள் கடலில் முழுகி எழுந்தார்களே தவிர நீச்சல் விளையாட்டுக்குப் போனதாகத் தெரியவில்லை. அதற்கும் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். சேதுவில் எந்த நாளும் நீராடலாம். மற்ற இடங்களில் அமாவாசை, பௌர்ணமி, கிரகணம், மகம் போன்ற விசேஷ நாள்களைத் தவிரக் கடலைத் தொடவே கூடாது என்பது அந்தச் சாஸ்திரம். இதைச் சிறு பிள்ளையாக இருந்தபோது பரிகாசம் செய்திருக்கிறேன். இப்போது யோசித்துப் பார்த்தால் வேறொன்று தோன்றுகிறது. விசேஷ நாள் என்றால் ஊரே திரண்டு வரும். ஊர் திரண்டால் குப்பத்து ஜனங்களும் கரையில் இருப்பார்கள். 'இரண்டு மரமாவது வெளியில் கிடக்கும்.' காரணம் எதுவானாலும், தனியாளாக யாரும் தண்ணீரில் இறங்காமல் அந்தச் சாஸ்திரம் பார்த்துக்கொண்டது.

இனி, சென்னைப் பட்டணத்துக்கு வருவோம்.

1639-இல் ஆங்கிலக் கம்பெனியார் மதராஸப்பட்டினத்தில் இடம் வாங்கி, மறு வருஷம் கோட்டை கட்டத் தொடங்கினார்கள். வியாபாரிகள் துறைமுகம் உள்ள இடமாகப் பார்ப்பதுதான் உலக வழக்கம். இவர்களோ துறைமுகம் என்பதற்கு ஓர் அடையாளமும் இல்லாத, அலை அடிக்கிற வெறும் மணலில் வந்து உட்கார்ந்தார்கள். கப்பல்கள் கரையிலிருந்து வெகு தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். நடுவில் ஒன்றன்பின் ஒன்றாக அலை வரிசைகள். சீமையில் செய்த கப்பல் படகு அந்த அலையில் அகப்பட்டால் மணலில் மோதிச் சிதறிப் போகும்.

அவர்களைக் கரை சேர்த்தது நம் ஊர்ப் படகு. அதற்கு மசூலா படகு என்று பெயர். அதில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். பலகைக்குப் பலகை நடுவில் வைக்கோலோ நாரோ வைத்து அடைத்திருக்கும். அலை அறைந்தால் அந்தப் படகு எதிர்த்து நிற்காது, வளைந்து கொடுக்கும். பத்துப் பன்னிரண்டு பேர் பாட்டுப் பாடிக்கொண்டு துடுப்பு வலிக்க, பின்னால் ஒருவர் நீண்ட துடுப்பால் திசை திருப்புவார். அவர் கண் முன்னால் இராது. பின்னால் வருகிற அலையின் மேல்தான் இருக்கும். எந்த அலையை விடுவது, எந்த அலையின் முதுகில் ஏறுவது என்று தீர்மானிக்கிறவர் அவர். துரைமாரும் துரைசானிகளும் கண்ணை மூடிக்கொண்டு கடவுளைப் பிரார்த்திப்பார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது மசூலா படகைப் பற்றியன்று. அதன் பக்கத்தில் போனதைப் பற்றி.

பிரயாணிகளை ஏற்றிய படகு அலைக்குள் நுழையும்போது கட்டுமரங்கள் கூடவே போகும். படகு கவிழ்ந்தால், விழுந்தவர்களைப் பொறுக்கி எடுப்பது ஒன்றே அவற்றின் வேலை. மூன்று நான்கு கட்டைகளைக் கயிற்றால் பிணைத்த அந்த மரம் கவிழ்ந்தாலும் முழுகாது. ஆள் விழுந்தாலும் தாவி ஏறிக்கொள்வான். படகே போக முடியாத புயலில்கூடக் கட்டுமரக்காரன் கூம்பு போல முடைந்த ஓலைத் தொப்பிக்குள் கடிதத்தை வைத்துக்கொண்டு கப்பலுக்குப் போய்வருவானாம். அலையில் விழுந்தவர்களைத் துணிந்து காப்பாற்றிய கட்டுமரக்காரர்களுக்குக் கம்பெனி சர்க்கார் பதக்கம் கொடுத்திருக்கிறது. அலை மிஞ்சிய நாளில் கரையில் ஒரு கொடி ஏறும். கொடி ஏறினால் படகு இறங்கக் கூடாது.

'கட்டுமரம்' என்ற சொல் இங்கிலீஷ் பாஷையில் ஏறிவிட்டது நம் எல்லோருக்கும் தெரியும். வில்லியம் டாம்பியர் என்ற கடலோடி 1697-இல் வெளியிட்ட பிரயாண நூலிலேயே அதைப் பற்றி எழுதியிருக்கிறார். சொல்லைப் பற்றிப் பெருமைப்படுகிற நாம் அதோடு கூட இருந்த வழக்கத்தை மறந்துவிட்டோம். அலைக்குள் போகிறவனுக்குப் பக்கத்தில் அலையை அறிந்தவன் ஒருவன் இருக்க வேண்டும். அபாய நாளில் கொடி ஏற வேண்டும். கடற்கரைப் பாதுகாப்பு என்று இன்று உலகம் சொல்லுகிற சாஸ்திரத்தின் சாரம் இந்த இரண்டுதான். இரண்டும் சென்னை மணலில் அப்போதே இருந்தன!

* * *

பிறகு என்ன ஆயிற்று? துறைமுகம் வந்தது.

1875-ஆம் வருஷம் டிசம்பரில், பிற்காலத்தில் ஏழாம் எட்வர்டு ஆன வேல்ஸ் இளவரசர் சென்னைத் துறைமுகத்துக்கு அஸ்திவாரக் கல் வைத்தார். கடலுக்குள் கல்லைக் கொட்டி இரண்டு கைகளை நீட்டினார்கள். 1881 நவம்பரில் வந்த புயல் அந்தக் கைகளை ஒடித்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். கப்பல்கள் அலைக்கு அஞ்ச வேண்டாத காலம் மெல்ல மெல்ல வந்தது. மசூலா படகுக்கு வேலை போயிற்று. பக்கத்தில் போன கட்டுமரத்துக்கும் அந்த வேலை போயிற்று.

இன்னொன்றும் நடந்தது. நம் சோழமண்டலக் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை. யாத்திரை போய்க்கொண்டே இருக்கிறது. தென்மேற்குக் காற்றடிக்கும் மாதங்களில் வடக்கே போகும். வாடைக் காலத்தில் தெற்கே திரும்பும். வரவு செலவு பார்த்தால் வருஷா வருஷம் வடக்கே போவதுதான் அதிகம். அந்த யாத்திரையைத் துறைமுகத்துக் கற்சுவர் குறுக்கே நின்று மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து கரை அகன்றது. வடக்கே ராயபுரத்தையும் திருவொற்றியூரையும் கடல் அரித்தது. இப்போது நாம் சுண்டல் வாங்கித் தின்றுகொண்டு நடக்கிற அகன்ற மணல்வெளி அந்தத் துறைமுகம் கொடுத்த சீதனம். வடக்கே இருந்த குப்பங்களிடமிருந்து வாங்கிக் கொடுத்த சீதனம் என்றும் சொல்லலாம்.

1881 முதல் 1886 வரை கவர்னராக இருந்த கிராண்ட் டஃப், 1884-இல் கடற்கரை ஓரமாக ஓர் உலாவும் சாலை அமைத்தார். சிசிலித் தீவில் தாம் பார்த்த கடற்கரையை நினைத்துக்கொண்டு 'மெரினா' என்று அதற்குப் பெயர் வைத்தார். பெயர் நிலைத்தது, ஜனங்கள் வந்தார்கள், ஆயிரம் லட்சமாயிற்று.

இப்போது கொஞ்சம் நின்று கணக்குப் பாருங்கள். பழைய நாளில் ஒரு கப்பலுக்குச் சில பிரயாணிகள்தான் அந்த அலையைக் கடந்தார்கள். அவர்களுக்குக் கட்டுமரம் துணை போயிற்று. பிற்பாடு லட்சக்கணக்கான ஜனங்கள் அதே அலை ஓரத்துக்கு வந்தார்கள். அவர்களுக்கு ஒரு துணையும் இல்லை. அலை மாறவில்லை. அதை அறிந்த மனிதனை மாத்திரம் பக்கத்திலிருந்து அனுப்பிவிட்டோம்.

ஆஸ்திரேலியாவிலும் இதே கதை ஆரம்பமாயிற்று; ஆனால் வேறு விதமாக முடிந்தது. அங்கே பகல் வேளையில் கடலில் குளிப்பது சட்ட விரோதமாக இருந்தது. 1902-இல் சிட்னியை அடுத்த மான்லியில் வில்லியம் கோச்சர் என்ற பத்திரிகாசிரியர் பட்டப் பகலில் துணிந்து இறங்கினார். தடை தளர்ந்தது. உடனே கூட்டம் வந்தது. கூட்டத்தோடு மரணமும் வந்தது. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 'இறங்காதே' என்று பலகை எழுதி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. நீந்தத் தெரிந்தவர்கள் சங்கம் சேர்ந்தார்கள். நீண்ட கயிறு சுற்றிய உருளை ஒன்றைக் கரையில் நிறுத்தி, கயிற்றின் நுனியை இடுப்பில் கட்டிக்கொண்டு தத்தளிப்பவனிடம் பாய்ந்தார்கள். பத்திரமான இடத்துக்கு இரு பக்கமும் கொடி நட்டார்கள். 1938 பிப்ரவரி 6-ஆம் தேதி, போண்டிக் கடற்கரையில் பேரலைகள் வந்து சுமார் 250 பேரை ஒரே இழுப்பில் இழுத்துக்கொண்டு போயின. போட்டிக்காகக் கூடியிருந்த காப்பாளர்கள் அத்தனை பேரும் தண்ணீரில் குதித்தார்கள். இறந்தவர்கள் ஐந்தே பேர். ஐந்து உயிரும் உயிர்தான். ஆனால் அந்தக் கரையில் காவல் இல்லாதிருந்தால்?

* * *

என்னை 1961-இல் இழுத்தது எது என்பதை இப்போது விஞ்ஞானிகள் நன்றாக அறிந்திருக்கிறார்கள். அலைகள் கரைக்குத் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கின்றன. அந்தத் தண்ணீர் திரும்பிப் போக வேண்டாமா? கரைக்குச் சற்று உள்ளே தண்ணீருக்கடியில் மணல்மேடு இருக்கும். அதில் எங்கே உடைப்பு இருக்கிறதோ அங்கே எல்லாத் தண்ணீரும் சேர்ந்து ஒரு வாய்க்கால் போலக் கடலை நோக்கிப் பாய்கிறது. அந்த இடம் ஆழமானதால் அங்கே அலை உடைவதில்லை. கறுத்து, அமைதியாகத் தெரியும். ஏமாந்தவன், என்னைப் போல, அதைத்தான் தேர்ந்தெடுப்பான்.

அந்த இழுப்பு சில சமயம் விநாடிக்கு எட்டு அடி வேகம்கூடப் போகும். 100 மீட்டரை 47 விநாடிக்குள் நீந்துகிற உலக வீரனாலும் அதை எதிர்த்துக் கரை சேர முடியாது. ஆனால் அது அகலம் குறைந்தது. பெரும்பாலும் முப்பது மீட்டருக்குள் முடிந்துவிடும். மேலும் அது ஆளைக் கீழே அமுக்குவதில்லை; வெளியேதான் கொண்டுபோகிறது. கொல்வது இழுப்பன்று, அதை எதிர்த்து நீந்திக் களைத்துப் போவதுதான். ஆகவே அகப்பட்டவன் செய்ய வேண்டியது இதுதான்: பதறாமல் மிதக்க வேண்டும்; கையைத் தூக்கி உதவி கேட்க வேண்டும்; முடிந்தால் கரைக்கு இணையாக நீந்தி இழுப்பைவிட்டு ஒதுங்கி, அலை உடைகிற பக்கமாகத் திரும்ப வேண்டும். 'கூடவே நாலு அடி போயி, அப்புறமா ஒதுங்கிக்கணும்' என்று கட்டுமரக்காரர் சொன்னதற்கு மேல் இதில் ஓர் அட்சரம்கூட இல்லை.

புதுச்சேரிக் கரை அன்று நான் பார்த்தபடி இன்று இல்லை. 1866-இல் அமைத்த பழைய இரும்புப் பாலம் 1952 புயலில் போயிற்று. 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கற்சுவர்களை நீட்டினார்கள். சென்னையில் நூறு வருஷத்துக்கு முன் படித்த பாடம் இங்கே மறுபடி நடந்தது. தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே நகரத்துக்கு முன்னால் இருந்த மணல் போயிற்று. கடற்கரைச் சாலையைக் காக்கப் பாறைகளைக் கொட்டினார்கள். 2018-இல் கடலுக்கடியில் ஓர் இரும்புத் தடுப்பை அமைத்த பிறகு ஒரு பகுதியில் மணல் திரும்பி வந்திருக்கிறது. ஆனால் எங்கே கல்லும் சுவரும் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கின்றனவோ, அங்கே அந்தச் சுவரை ஒட்டி இழுப்பு நிரந்தரமாகவே இருக்கும் என்பதை உள்நாட்டுப் பிள்ளைகளுக்கு யார் சொல்லுகிறார்கள்? போட்டோ எடுத்துக்கொள்ள அவர்கள் ஓடுவது நேரே அந்தப் பாறைக்குத்தான்.

நல்லதும் நடந்திருக்கிறது, சொல்லாமல் விடக்கூடாது. 2021-இல் புதுச்சேரி சின்ன வீராம்பட்டினத்து ஈடன் கடற்கரைக்கும், சென்னைக்குத் தெற்கே கோவளத்துக்கும் 'நீலக் கொடி' என்ற உலக அங்கீகாரம் கிடைத்தது. அந்தக் கொடிக்கான நிபந்தனைகளில் உயிர்காப்பாளர்களும் சேர்ந்தவர்கள். நூற்றைம்பது வருஷம் கழித்துக் கட்டுமரம் வேறு உருவத்தில் திரும்பியிருக்கிறது என்று எனக்குத் தோன்றிற்று.

'நீச்சல் நன்றாகத் தெரிந்தவனுக்கு எதற்குத் துணை?' என்று கேட்பவர்கள் உண்டு. நன்றாகத் தெரிந்தவர்களையே பார்ப்போமே. 1954-இல் யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கோடியக்கரை வந்து சேர்ந்தார். 1966-இல் மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணி 36 நிமிஷத்தில் நீந்தினார்; கடற்படைக் கப்பல்கள் கூட வந்தன. 1971-இல் வல்வெட்டித்துறை ஆனந்தன் அந்த நீரிணையைப் போகவும் வரவும் நீந்தி, 'ஆழிக்குமரன்' என்று பெயர் பெற்றார். 1994-இல் நம் சென்னைச் சிறுவன் குற்றாலீசுவரன் ஒரே வருஷத்தில் ஆறு நீரிணைகளைக் கடந்தான். இப்படிக் கடலைக் கடப்பவர்கள் துணைப் படகு இல்லாமல் இறங்குவதில்லை. அப்படி இருந்தும் 1984-இல் ஆங்கிலக் கால்வாய் ஆழிக்குமரனையே எடுத்துக்கொண்டது. கடலை மிக அறிந்தவர்கள்தான் துணை இல்லாமல் இறங்க மாட்டேன் என்கிறார்கள். துணை வேண்டாம் என்று சொல்லும் தைரியம், கிணற்றில் அடிமண் எடுத்த எங்களுக்குத்தான் இருக்கிறது.

* * *

அந்த ஞாயிற்றுக்கிழமை டீக்கடைப் பெஞ்சியில் இவ்வளவையும் நான் அந்தப் பையன்களுக்குச் சொல்லவில்லை. சொன்னால் கேட்பார்களா? டீ ஆறும் வரைதான் கேட்பார்கள். ஆகையால் மூன்று விஷயம் மாத்திரம் சொன்னேன். அலை இல்லாத இடத்தில் இறங்காதே. கல்லுக்கும் சுவருக்கும் பக்கத்தில் இறங்காதே. கரையில் காவல்காரரோ குப்பத்து ஆளோ இருக்கிற இடமாகப் பார்த்து, 'இன்று இறங்கலாமா?' என்று கேட்டுவிட்டு இறங்கு.

"கேட்டா வேணாம்னுதான் சொல்வாங்க, தாத்தா," என்றான் கடைசிப் பையன்.

"சொன்னால் கால் நனைத்துவிட்டு வா. கடல் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் இருக்கும்."

அவர்கள் சிரித்துக்கொண்டே கிளம்பினார்கள். அவர்கள் போன பிறகு, எங்கள் அடுத்த தெருவில் உள்ள ஒரு வீட்டை நினைத்துக்கொண்டேன். அந்த வீட்டுப் பையன் கல்லூரியில் சேர்ந்த வருஷம் இதே சாலையில் கிழக்கே போனவன். அவனும் நன்றாக நீந்துவான். அவன் தாயார் இன்றும் மாசி மகத்தன்று வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை.

சாயங்காலம் வழக்கத்துக்கு மாறாக நான் மறுபடியும் கூட்டுரோட்டுக்குப் போனேன். காரணம் கேட்ட மருமகளிடம், பேப்பர் வாங்கப் போகிறேன் என்று பொய் சொன்னேன். இரண்டு டீ குடித்தாயிற்று. பஸ்கள் வந்தன, போயின. விளக்கு வைத்து வெகு நேரம் கழித்து வளவனூர்ப் பக்கமிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. அப்புறம் இன்னொன்று. மூன்றாவது வர ஏறக்குறைய கால் மணி ஆயிற்று. பெட்ரோல் போட நின்றார்களாம். எண்ணிப் பார்த்தேன். ஐந்து பேர்.

"என்ன தாத்தா, இன்னும் இங்கேயேவா இருக்கீங்க?" என்று மூத்தவன் வண்டியை நிறுத்தினான். தலைமயிர் உப்பில் விறைத்து நின்றது. "குப்பத்து அண்ணன் ஒருத்தரைக் கேட்டோம். இன்னிக்கு முழங்காலுக்கு மேல போகாதீங்கன்னார்."

"போனீர்களா?"

"எங்க போறது? அவரு கரையில உக்காந்து எங்களையே பாத்துக்கிட்டு இருந்தாரே!"